தாகம் தாங்கும் மலர்கள்

சித்திரை வெயிலில் ராமநாதபுரம் சீமையில் பிரயாணம் செய்கிறவர்கள், கண்மாய்களெல்லாம் வறண்டு வெடித்துக் கிடக்கும் அந்தப் பூமியிலே, எவரும் ஒரு செம்பு ஜலம் வார்த்தறியாத ஆவாரஞ்செடி பொன்னிறமாகப் பூத்து நிற்பதைக் கண்டிருப்பார்கள். அதே சமயத்தில், காலையும் மாலையும் வாளி வாளியாக நீர் பெற்றும் நம் வீட்டு ரோஜா கருகுகிறதென்றால், குறை நமது சிரத்தையில் இல்லை. பூமியின் சுபாவத்துக்கு ஒவ்வாத செடியைத் தேர்ந்ததில் இருக்கிறது.

வறட்சியைப் பொறுக்கும் செடிகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் உபாயத்தைக் கையாளுகின்றன. அரளி, தன் தடித்த இலையின் அடிப்புறத்தில் சிறு குழிகளை அமைத்து, அவற்றினுள் மெல்லிய ரோமங்களின் மறைவில் சுவாசத் துவாரங்களை ஒளித்து வைத்திருப்பதால், அனல் காற்று அதன் ஈரத்தை எளிதில் உறிஞ்சிவிட முடிவதில்லை. செங்காந்தளோ வெயிலுடன் போராடுவதே இல்லை. கொடி முழுவதையும் காய விட்டு, கலப்பை வடிவமான கிழங்காக மண்ணுக்குள் உறங்கி, மழை கண்டதும் மறுபடி தளிர்க்கிறது. மடகாஸ்கர் தீவிலிருந்து வந்து, சுடுகாட்டு மல்லி என்ற பெயரையும் சுமந்துகொண்டு, வருஷம் முழுவதும் பூக்கும் நித்தியகல்யாணிக்கு, தண்ணீர்ப் பஞ்சத்தைவிட வேரில் தேங்கும் நீரே பெரிய சத்துரு. காகிதப்பூவின் விசேஷம் இன்னும் விசித்திரமானது: நாம் பூவென்று கருதும் வர்ண இதழ்கள் உண்மையில் இலைகளே. நீரை மிகுதியாக ஊற்றினால் செடி பச்சை இலையாகவே தழைக்கிறது; சற்றுக் காயவிட்டால்தான் வர்ணம் காட்டுகிறது.

இவற்றை நடுவதற்கு ஐப்பசி மழைக்கு முந்திய நாட்களே உத்தமம். களிமண்ணானால் மணலும் மக்கிய எருவும் கலந்து, நீர் வடியும்படி சற்று மேடாக்கி நட்டு, அடியில் சருகுகளைப் பரப்பிவிட வேண்டும். தினந்தோறும் மேலாகத் தெளிக்கும் நீர் வேரை மேல்மண்ணிலேயே சோம்பேறியாக இருத்திவிடும்; இடைவெளி விட்டு ஆழமாகப் பாய்ச்சும் நீரோ அதைக் கீழ்நோக்கி இழுத்துச் செல்லும். அரளியும் காந்தளும் கொடிய விஷமாதலால், குழந்தைகளும் ஆடுமாடுகளும் நடமாடும் இடத்தில் அவற்றை வைப்பது தகாது.

கோடைக்கேற்ற தோட்டத்துக்கு வேண்டியது கருணையைவிட நிதானமே. முதல் கோடை வரையில் செடிக்குத் துணையாக இருங்கள். வேர் ஊன்றியபின் வாளியைக் கிணற்றடியிலேயே வைத்துவிடுங்கள்.