அம்மாவின் கடைசிப் பார்வை

அத்தியாயம் 2

1930-ல் நாகசாகி மருத்துவக் கல்லூரி மாணவர் தகாஷி நாகாய்க்கு ஊரிலிருந்து அவசரத் தகவல் வந்தது. அம்மாவுக்கு மூளையில் ரத்தக்கசிவு. அவர் போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்குப் பேச்சு நின்றிருந்தது. கண்கள் மட்டும் மகன் முகத்திலேயே நிலைத்திருந்தன. பார்த்தபடியே உயிர் பிரிந்தது.

மனித உடல் வெறும் சதையும் எலும்பும்தான், ஆன்மா என்பதெல்லாம் கட்டுக்கதை என்று உறுதியாக நம்பிய இளைஞரைச் சென்ற வாரம் சந்தித்தோம். அந்த உறுதி அம்மாவின் கண்களுக்கு முன்னால் ஆட்டம் கண்டது. தன்னை அப்படிப் பார்த்தவள் அந்த நொடியோடு இல்லாமல் போய்விட்டாள் என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. அன்று முதல் தேடல் தொடங்கியது.

முதலில் கையில் எடுத்தது பாஸ்கலின் 'சிந்தனைகள்'. திரவ அழுத்த விதியோடு நாம் பள்ளியில் படித்த அதே பாஸ்கல்தான். இவ்வளவு பெரிய அறிவியலாளர் எப்படி முழந்தாளிட்டு ஜெபித்தார்? இதற்கு விடை புத்தகத்தில் மட்டும் கிடைக்காது என்று நாகாய்க்குத் தோன்றியது. நாகசாகியின் உரகாமி பகுதியில் மோரியாமா என்ற கத்தோலிக்கக் குடும்பத்தின் வீட்டில் தங்கிப் படிக்கச் சேர்ந்தார்.

அது சாதாரண வீடு அல்ல. நம் முத்துக்குளித்துறையில் மீனவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அதே பிரான்சிஸ் சவேரியார், 1549-ல் ஜப்பானில் கால்வைத்து விதைத்த விசுவாசம் அந்த வீட்டில் வாழ்ந்துவந்தது. 1614-ல் நாடு முழுவதும் தடை வந்தது. குருக்கள் இல்லை, கோயில் இல்லை. ஆனாலும் உரகாமி மக்கள் பிள்ளைகளுக்குத் தாங்களே ஞானஸ்நானம் கொடுத்து, திருநாள்களைக் கணக்கிட்டு, ஜெபங்களை வாய்மொழியாகக் காத்தார்கள். 1873-ல் தடை நீங்கும் வரை, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக! அந்த ரகசியத் திருச்சபைக்குத் தலைமுறை தலைமுறையாகத் தலைமை தாங்கியது மோரியாமா குடும்பம். அந்த வீட்டில் யாரும் நாகாயிடம் வாதம் செய்யவில்லை. அவருக்காக ஜெபித்தார்கள், அவ்வளவுதான்.

1932-ல் பட்டம் பெற்ற சமயத்தில் மூளைக்காய்ச்சல் தாக்கி, வலது காது கேட்காமல் போனது. ஸ்டெதஸ்கோப் வைத்து நோயாளியின் நெஞ்சைக் கேட்க முடியாது. எனவே கதிரியல் துறைக்குப் போனார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு வீட்டார் அழைத்தார்கள். உரகாமிப் பேராலயத்தின் நடுச்சாமப் பூசையில் முதன்முறையாக, ஆயிரக்கணக்கானோர் நடுவே நின்றார்.

மறுநாள் இரவு வீட்டுப் பெண் மிதோரிக்குக் கடும் வயிற்றுவலி. குடல்வால் அழற்சி. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவளை முதுகில் சுமந்துகொண்டு மருத்துவமனைக்கு நடந்தார் நாகாய். அறுவை சிகிச்சை நடந்தது, மிதோரி பிழைத்தாள்.

1933-ல் ராணுவம் அவரை மஞ்சூரியாவுக்கு அழைத்துக்கொண்டது. அங்கே அவருக்கு மிதோரி அனுப்பி வைத்தது ஒரு ஞானோபதேசப் புத்தகம். குண்டடிபட்டவர்களுக்குக் கட்டுப்போடும் கைகள் ஓய்ந்த நேரங்களில் அதைத் திறந்தன. பாஸ்கலிடம் கேட்ட கேள்வியை, போர்முனையில் அவர் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

1934 ஜூனில், நாகசாகிக்குத் திரும்பிவந்த நாகாய் ஞானஸ்நானம் பெற்றார். 1597-ல் இதே நகரில் சிலுவையில் அறையப்பட்ட வேதசாட்சி பவுல் மிகியின் நினைவாக, பவுல் என்று பெயர். ஆகஸ்டில் மிதோரியைக் கைப்பிடித்தார்.

எந்த ஆய்வுக்கூடமும் அவருக்குக் கடவுளை நிரூபித்துக் காட்டவில்லை. சாகும் தாய் ஒருத்தி பார்த்தாள். ஒரு குடும்பம் மௌனமாக ஜெபித்தது. ஒரு பெண் புத்தகம் அனுப்பினாள். அன்பு செய்தவர்கள் வழியாகவே கடவுள் அவரிடம் வந்தார் என்று நான் முழுமனதாக நம்புகிறேன்.

ஆனால் அந்த விசுவாசத்துக்கு உலை வைக்க ஒரு நாள் காத்திருந்தது: நாகசாகியில் அணுகுண்டு விழுந்த 1945 ஆகஸ்ட் 9. வீடிருந்த இடத்தில் சாம்பலைக் கிளறிய நாகாயின் கைக்கு அகப்பட்டவை மனைவியின் எலும்புகளும், அவற்றின் அருகே உருகிக் கிடந்த செபமாலையும்.

(தொடரும்)