இணைய அங்காடிகளும் நுகர்வோர் தனியுரிமையும்: கேட்கத் தகும் தகவல் எது?

முன்னுரை

அண்மையில் நாம் ஓர் இணைய அங்காடியில் சிறுவர் நூல்கள் சிலவற்றை வாங்க முற்பட்டோம். பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றோடு அடையாள அட்டை எண், பிறந்த நாள், மாத வருமானம் ஆகியவற்றையும் நிரப்பினாலன்றி அடுத்த பக்கத்திற்குச் செல்ல இயலவில்லை. நாமும் நிரப்பினோம். நூல்கள் வந்து சேர்ந்த பின்னரே, அவற்றை வீட்டிற்கு அனுப்புவதற்கு நம் வருமானம் எதற்கு என்னும் வினா எழுந்தது. அவ்வினாவிற்கு மலேசிய, சிங்கப்பூர்ச் சட்டங்கள் தரும் விடையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அந்தரங்கமும் தனியுரிமையும்

இத்துறையில் 'அந்தரங்கம்', 'தனியுரிமை' ஆகிய இரு சொற்களும் பெரும்பாலும் ஒரே பொருளில் ஆளப்படுகின்றன. இவற்றை வேறுபடுத்திக் காண்பது நன்று. அந்தரங்கம் என்பது பிறர் அறியாமல் காக்கப்படுவதைச் சுட்டும். 'என்னிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது?' என்று பலர் கேட்பது இப்பொருளை மனத்திற்கொண்டே ஆகும். பிறந்த நாள் மறைபொருள் அன்று. உற்றாரும் நண்பரும் அறிந்ததே. ஆயினும், அதனை யாரிடம், எந்நோக்கத்திற்காக அளிப்பது என்று முடிவு செய்யும் உரிமை அவரவர்க்கே உரியது. அவ்வுரிமையே தனியுரிமை.

மலேசிய அடையாள அட்டை எண்ணை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். அதன் 12 இலக்கங்களுள் முதல் ஆறு பிறந்த நாளையும் அடுத்த இரண்டு பிறந்த இடத்தையும் காட்டும். 08 பேராக்கையும் 10 சிலாங்கூரையும் குறிக்கும். இறுதி இலக்கம் ஒற்றைப்படையாயின் ஆண், இரட்டைப்படையாயின் பெண். ஆக, ஓர் எண்ணைக் கேட்கும் அங்காடி உண்மையில் நான்கு செய்திகளைப் பெறுகின்றது. மேலும், அவ்வெண் ஒருவர்க்கு வாழ்நாள் முழுவதும் மாறாதது. ஆதலின், வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடக்கும் அவருடைய பதிவுகளை ஒன்றாக இணைக்கும் கண்ணியாகவும் அது அமைகின்றது.

ஒப்புதலும் தேவையும்

மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் (சட்டம் 709) 2013 நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டால் எதனையும் கேட்கலாம் என்பதே இச்சட்டத்தைப் பற்றிப் பரவலாக நிலவும் எண்ணம். அது பிழையானது. சட்டத்தின் 6ஆம் பிரிவு ஒப்புதலை வலியுறுத்துவதோடு நில்லாமல் மூன்று வரம்புகளையும் விதிக்கின்றது: தகவல் சட்டத்திற்குட்பட்ட நோக்கத்திற்காகப் பெறப்பட வேண்டும், அந்நோக்கத்திற்குத் தேவையானதாகவோ அதனோடு நேரடித் தொடர்புடையதாகவோ இருக்க வேண்டும், அந்நோக்கத்தின் அளவை மிஞ்சலாகாது. ஒப்புதல் பெற்றதாலேயே அளவுக்கு மிஞ்சிய கேள்வி முறையானதாகி விடாது. 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தரவுப் பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறுவோர்க்கான உச்சத் தண்டனை 1 மில்லியன் ரிங்கிட் அபராதமும் மூன்றாண்டுச் சிறையுமாக உயர்த்தப்பட்டுள்ளது.

சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுச் சட்டம் இக்கருத்தை இன்னும் வெளிப்படையாகக் கூறுகின்றது. ஒரு பொருளையோ சேவையையோ வழங்குவதற்கு நியாயமாக வேண்டியதற்கு அப்பாற்பட்ட தகவலை அளித்தே ஆக வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதை அதன் 14ஆம் பிரிவு தடுக்கின்றது. 2019 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த வழிகாட்டு நெறிகள், சட்டம் கோரினாலோ ஒருவரது அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்யும் தேவை இருந்தாலோ அன்றித் தனியார் அமைப்புகள் அடையாள அட்டை எண்ணைத் திரட்டலாகாது என்று வரையறுத்தன.

திரட்டியது கசியும்

தேவையை ஏன் இவ்வளவு வலியுறுத்த வேண்டும்? 2020 அக்டோபரில் சிங்கப்பூரின் ரெட்மார்ட் இணைய மளிகை அங்காடியின் ஏறத்தாழ 1.1 மில்லியன் கணக்குகளின் தகவல்கள் களவாடப்பட்டமை வெளிப்பட்டது. அத்தகவல்கள் 18 மாதங்களுக்கும் மேற்பட்ட பழைமையுடையவை என்று அதன் தாய் நிறுவனமான லசாடா அறிவித்தது. வணிகத்திற்குப் பழையதாகிவிட்ட பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் களவாடுவோர்க்குப் பழையவை அல்ல. நோக்கம் நிறைவேறிய பின் தகவலை அழித்துவிட வேண்டும் என்று மலேசியச் சட்டத்தின் 10ஆம் பிரிவு விதிப்பதன் காரணம் இதுவே. கேட்கப்படாத தகவலோ களவு போவதற்கே வழியில்லை.

தமிழாசிரியர் பங்கு

மலேசியச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி, தகவல் எதற்காகப் பெறப்படுகின்றது என்னும் அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருத்தல் வேண்டும். தமிழில் அளிக்கும் கடப்பாடு இல்லை. எனவே, தமிழ் மட்டுமே நன்கு அறிந்த முதியோர் பலர் தம் பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ கொண்டே படிவங்களை நிரப்புகின்றனர். குடும்பத்தாரின் தகவலை எவ்வளவு அளிப்பது என்பதை நடைமுறையில் முடிவு செய்பவர் பல வேளைகளில் நம் மாணவரே.

இதனை வகுப்பறையில் எளிதாகக் கற்பிக்கலாம். ஓர் இணைய அங்காடியின் படிவத்தை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள வினாக்களைப் பொருள் வந்து சேர வேண்டியவை, பணம் செலுத்த வேண்டியவை, வணிகரின் விளம்பரத்திற்கு மட்டுமே பயன்படுபவை என மூன்றாகப் பகுக்கச் செய்யலாம். மூன்றாம் வகையைக் கட்டாயமாக்கும் அங்காடியிடம் காரணம் கேட்டு மடல் எழுதுவது சிறந்த கட்டுரைப் பயிற்சியாகவும் அமையும். விளம்பரத்திற்காகத் தம் தகவலைப் பயன்படுத்துவதை நிறுத்துமாறு எழுத்துவழி கோரும் உரிமையை 43ஆம் பிரிவு வழங்குகின்றது என்பதையும் மாணவர் அறிய வேண்டும்.

முடிவுரை

நாமும் அவ்வங்காடிக்கு எழுதி, வருமான விவரத்திற்கு அளித்த ஒப்புதலை 38ஆம் பிரிவின்படி மீட்டுக்கொண்டோம். ஆயினும், நிரப்பிய பின் மீட்பதைவிட நிரப்பும் முன் வினவுவதே மேல். 'இவர்கள் என் தகவலைக் காப்பார்களா?' என்பது இரண்டாவது வினா. 'இதனைக் கேட்க இவர்களுக்குத் தேவை என்ன?' என்பதே முதல் வினா. அதனைத் தயங்காமல் கேட்கும் பழக்கத்தை நம் மாணவரிடம் வளர்ப்பது நம் கடமையாகும்.