காளான் நொதிக்கு வெயில் புகட்டும் பால்

புண்ணில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் வெள்ளையாக நுரை பொங்குமே, அது நம் ரத்தத்திலுள்ள கேட்டலேஸ் என்ற நொதியின் வேலை. வெளிச்சம் பட்டாலும் பெராக்சைடு சிதையும். மருந்துக்கடையில் அதைப் பழுப்பு பாட்டிலில் தருவது அதனால்தான். அதே சரக்கை வெயிலைக் கொண்டே, கழிவுநீருக்குள்ளேயே உண்டாக்கப் பார்க்கிறார்கள் ஆய்வாளர்கள்.

எல்லாம் ஒரு காளான் நொதிக்காக. 2004-ல் ஜெர்மனியில், அக்ரோசைபே ஏஜெரிட்டா என்ற காளானில் கண்டெடுத்த பெராக்சிஜனேஸ் அது. மூலக்கூறில் குறிப்பிட்ட ஓர் இடம் பார்த்து ஒற்றை ஆக்சிஜன் அணுவைச் செருகும். மருந்து தயாரிப்பவர்கள் ஏங்குவது இந்தத் துல்லியத்துக்குத்தான். அதற்கு இரை பெராக்சைடு. கொஞ்சம் கூடினாலோ, நொதியின் நடுவிலுள்ள இரும்புக் கூடே சிதைந்துபோகும். பச்சைக் குழந்தைக்குப் பாலாடையில் புகட்டுவதுபோலத்தான் கொடுக்க வேண்டும்.

அந்தப் பாலாடைதான் வெயில். வெள்ளைப் பெயின்ட்டில் கலக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு, ஒளி பட்டதும் எலக்ட்ரானை ஆக்சிஜனுக்குத் தூக்கிக் கொடுக்கும். பெராக்சைடு சிறுகச் சிறுகப் பிறக்கும். போன எலக்ட்ரானை யார் ஈடுகட்டுவது? 2018-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகர ஆய்வாளர்கள், தங்கத் துகள் ஏற்றிய டைட்டானியம் டை ஆக்சைடு பொடியை வைத்துத் தண்ணீரிடமே பிடுங்கிக் காட்டினார்கள். தண்ணீர் சரியான கஞ்சன். சர்க்கரையும் ஆல்கஹாலும் கரைந்த கழிவுநீர் கேட்டவுடன் கொடுக்கும், அழுக்கும் குறையும்.

ஆத்தூர் பக்கம் பஸ் ஜன்னலைச் சாத்த வைக்கும் சேகோ (ஜவ்வரிசி) ஆலைக் கழிவுநீரின் வாடை என் நினைவுக்கு வந்தது. மரவள்ளி மாவு கலந்த தண்ணீர், மேலே சேலத்து வெயில்.

இந்தப் பொடி புற ஊதா ஒளிக்குத்தான் மசியும், வெயிலில் அது சுமார் 5 சதவீதமே, கலங்கல் நீரில் அதுவும் இறங்காது என்பார்கள். இருக்கட்டும். என் கவலை வேறு. சர்க்கரை ஆலையின் மொலாசஸுக்கு விலை வந்ததுபோல இந்தக் கழிவுநீருக்கும் வந்துவிட்டால்? காசு போட்டு இதற்கெனத் தொட்டி கட்டியவருக்குத் தினமும் அதே அழுக்கு வேண்டும். ஆலையிடம் கழிவைக் குறைக்கச் சொன்னால் முதலில் சண்டைக்கு வருபவர் அவராகத்தான் இருப்பார். ‘வெயிலில் சுத்தமானது’ என்று பலகை தொங்கும். பொடியும் நொதியும் தொடாத, கழிவுநீரிலுள்ள உப்பு மட்டும் பழைய ஓடை வழியே கிணறுகளுக்குப் போய்க்கொண்டிருக்கும்.