முள் ஆடும் விதத்தைச் சொல்லுங்கள்

ஹாரன், ஹெட்லைட், செல்ஃப் என்று எல்லாக் குறையும் சொல்லி முடித்து, சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போதுதான், "அப்புறம் இந்தப் பெட்ரோல் முள்ளு சரியாக் காட்டறதில்லீங்க" என்பார்கள். அதற்குள் பலர் முள்ளை நம்புவதையே விட்டு, கிலோமீட்டர் கணக்கு வைத்து ஓட்டப் பழகியிருப்பார்கள். ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருக்கும் எனக்கு இது உண்மையிலேயே வருத்தம். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் போகிறவர் ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். குழந்தைகளோடு அங்கே ஏறுகிறவருக்கு டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தே ஆக வேண்டும்.

டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. நாங்கள் ப்ளோட் என்போம். பெட்ரோலோடு சேர்ந்து அது ஏறும், இறங்கும். அதைத் தாங்கும் கம்பியின் மறுமுனையில் உள்ள சின்ன உலோக நாக்கு, மின்தடைப் பட்டை ஒன்றை உரசியபடி நகரும். நாக்கு நிற்கும் இடத்தைப் பொறுத்து மின்தடை மாறும். அதற்கேற்ப டேஷ்போர்டில் முள் நகரும். மாருதி போல ஜப்பானிய வழியில் வந்த பல வண்டிகளில் டேங்க் நிறைந்தால் தடை சில ஓம்தான். காலியாகும்போது நூறு ஓமை ஒட்டி ஏறிவிடும். சில ஐரோப்பிய வண்டிகளில் இது தலைகீழ்.

தேங்காய் வியாபாரி ஒருவர் கார்புரேட்டர் காலத்து மாருதி 800 ஒன்றைக் கொண்டுவந்தார். வந்ததும், "ஏனுங்க, மீட்டரையே மாத்திரலாங்களா?" என்றார்.

"மாத்தறது இருக்கட்டுங்க. முள்ளு எப்படி ஆடுதுன்னு சொல்லுங்க."

ஃபுல்லிலிருந்து பாதி வரை ஒழுங்காக இறங்குகிறது. பாதிக்குச் சற்றுக் கீழே வந்ததும் தொப்பென்று காலிக்கு விழுகிறது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் திரும்ப வருகிறது. கால் டேங்குக்குக் கீழே போனால் மறுபடி சரியாகக் காட்டுகிறது. அவர் சொன்ன இந்த வரிசையிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. மீட்டர் கெட்டிருந்தால் எல்லா இடத்திலும் தகராறு செய்யும். ஒரே இடத்தில் மட்டும் விழுகிறதென்றால், பட்டை அந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று பொருள். அவர் எப்போதும் ஐந்நூறு ரூபாய்க்குத்தான் பெட்ரோல் போடுவார். வருஷக்கணக்காக நாக்கு அதே நீளத்தில் மட்டும் மேலும் கீழும் உரசியிருக்கிறது.

முள் வேறு விதமாக ஆடினால் தேட வேண்டிய இடமும் வேறு. எந்நேரமும் காலியில் கிடந்தால் வயர் அறுந்திருக்கலாம். அல்லது ப்ளோட்டில் ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்து மூழ்கியிருக்கலாம். இந்த வகை வண்டியில் எந்நேரமும் ஃபுல் காட்டினால், வயர் எங்கோ தோல் உரிந்து பாடியில் படுகிறது. பிரேக்கை மிதித்தாலோ ஹெட்லைட் போட்டாலோ முள் நகர்ந்தால் எர்த்தைப் பாருங்கள். டெம்பரேச்சர் முள்ளும் கூடவே ஆடினால் டேங்கைத் தொடவே வேண்டாம். மீட்டருக்குப் பின்னால் கரண்ட் வரும் வழியில்தான் கோளாறு. வளைவில் திரும்பும்போது கொஞ்சம் அசைவது கோளாறே இல்லை, உள்ளே பெட்ரோல் அலைகிறது, அவ்வளவுதான்.

சந்தேகம் தீர ஒரு சோதனை உண்டு. வியாபாரியின் வண்டியில், ப்ளோட்டும் பட்டையும் சேர்ந்த டேங்க் யூனிட்டின் கனெக்டரைக் கழற்றிச் சாவியைத் திருப்பினேன். முள் காலிக்குப் போனது. மீட்டருக்குப் போகும் வயரை 12 வோல்ட், 3.4 வாட் பல்பு ஒன்றின் வழியாகப் பாடியில் தொட்டதும் முள் ஃபுல் பக்கம் ஏறியது. மீட்டரும் வயரும் நல்லபடி இருக்கின்றன. நேராக எர்த்தில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தால் சில மீட்டர்கள் கருகிப்போகும். பல்பு அதைத் தடுக்கிறது. பிறகு யூனிட்டின் உடம்பிலிருந்து சேஸிக்குத் தனி வயர் கொடுத்துப் பார்த்தேன். துருப்பிடித்த எர்த் என்றால் இதிலேயே சரியாகிவிடும். ஆகவில்லை.

யூனிட்டைக் கழற்றுவதைப் பழக்கமில்லாதவர்கள் வீட்டில் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். டேங்க் ஏறக்குறைய காலியாக இருக்க வேண்டும், பேட்டரியின் நெகட்டிவ் கழற்றியிருக்க வேண்டும், காற்றோட்டம் வேண்டும். பக்கத்தில் பீடியோ எரியும் குண்டு பல்போ கூடாது. பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும்.

வெளியே எடுத்ததும் மல்டிமீட்டரை மாட்டி, ப்ளோட்டை மெதுவாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். இதற்கு நான் முள் வைத்த பழைய மல்டிமீட்டரைத்தான் எடுப்பேன். டிஜிட்டலில் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும்போது ஒரு கண விடுபடல் கண்ணுக்குத் தப்பிவிடும். முள்ளில் அது பளிச்சென்று தெரியும். அவர் வண்டியிலும் பாதிக்குக் கீழே தொடர்பு விட்டுவிட்டுத்தான் வந்தது.

வெறும் கறுப்பு படிந்திருந்தால் காண்டாக்ட் கிளீனர் தொட்ட பஞ்சு போதும். உப்புத்தாள் போடவே கூடாது, மெல்லிய பட்டை அதோடு போய்விடும். அந்தக் கறுப்புக்குப் பெரும்பாலும் காரணம் பெட்ரோலில் உள்ள கந்தகம். காண்டாக்ட்டில் இருக்கும் வெள்ளியை அது கறுக்கவைக்கும். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்6 பெட்ரோலில் கந்தகத்தின் உச்ச வரம்பு பத்து லட்சத்தில் 10 பங்குதான். அதற்கு முந்தைய பிஎஸ்4 பெட்ரோலில் 50. தேய்மானம் லேசாக இருந்தால் நாக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் வளைத்துத் தேயாத தடத்தில் ஓடவிடலாம். இவருடையதில் பட்டையே அரித்துப் போயிருந்ததால் புது யூனிட் போட்டோம், புது ரப்பர் வாஷரோடு. வாஷரில் மிச்சம் பிடித்தால் காருக்குள் பெட்ரோல் நெடி வரும்.

பிறகு கேனில் ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் எங்கே நிற்கிறது என்று அவரையே பார்க்கச் சொன்னேன். அந்தப் பாதிக் கோட்டை முள் தடுமாறாமல் தாண்டியது.

இப்போது வரும் வண்டிகளில் பல்பு வைத்துத் தொடும் வேலை கூடாது. பலவற்றில் ப்ளோட் சொல்வது முதலில் கம்ப்யூட்டருக்குப் போய், அங்கிருந்துதான் மீட்டருக்கு வருகிறது. பம்பும் டேங்குக்குள்ளேயே இருக்கிறது. அதைக் குளிரவைப்பதே சுற்றியுள்ள பெட்ரோல்தான். முள் பொய் சொல்லி, தெரியாமலே அடிமட்டத்தில் ஓட்டினால் பம்ப் சூடேறிச் சீக்கிரம் போகும். இவற்றுக்கு ஸ்கேனர் மாட்டி, வண்டியை நிறுத்திவைத்தே பெட்ரோல் அளவைப் பார்க்கலாம். அசையாமல் நிற்கும் வண்டியில் ஸ்கேனரில் அளவு குதித்தால் ப்ளோட், கனெக்டர், எர்த் மூன்றையும் பார்க்க வேண்டும். ஸ்கேனரில் நிலையாக இருந்து முள் மட்டும் ஆடினால், டேங்கை இறக்காமல் மீட்டர் பக்கம் போகலாம்.