அப்பாவின் கோடரி

தல்லாகுளத்தில் வசிக்கும் நண்பர் ஒருவரின் தந்தையார் விறகுக்கடை வைத்திருந்தவர். அவர் காலமான பின் பரணைச் சுத்தம் செய்தபோது, காம்பு ஒடிந்து துருவேறிய கோடரி ஒன்று கிடைத்தது. அப்பாவின் கை பட்ட பொருளாயிற்றே என்று நண்பர் அதைப் புதுப்பிக்க விரும்பினார். காம்பு மாட்டும் கண்ணில் சிக்கியிருந்த மரத்துண்டை நெருப்பிலிட்டு எரித்தார். பிறகு மின்சாரச் சாணையில் கொடுத்துத் தீட்டி வாங்கினார். பத்தே நிமிடத்தில் கோடரி பளபளத்தது. வாயோரத்தில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு நீலக் கோடுகூட ஓடியது. மறுநாள் காய்ந்த புளியங்கட்டையில் நான்கு போடு போட்டார், வாய் மடங்கிவிட்டது!

பல ஆண்டுகள் உழைத்த கோடரி ஒரே நாளில் பழுதானது ஏன்? இதைத் தெரிந்துகொண்டால், உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் கோடரியை நீங்கள் காப்பாற்றிவிடலாம்.

இரும்பும் எஃகும்

கோடரியின் உடல் அடி தாங்க வேண்டும். வாய் மழுங்காமல் வெட்ட வேண்டும். முதல் வேலைக்கு ஏற்றது தேனிரும்பு. அதில் கரி 0.1 சதவீதத்துக்கும் குறைவு. அதனால் வளையுமே தவிர எளிதில் உடையாது. இரண்டாவது வேலைக்குச் சுமார் 0.6 முதல் 0.9 சதவீதம் வரை கரி கலந்த எஃகு வேண்டும். எஃகு அரிதாயிருந்த நாளில் கொல்லர்கள் உடலைத் தேனிரும்பில் அடித்து, வாயில் மட்டும் எஃகுத் துண்டை வைத்து, காய்ச்சி அடித்து ஒன்றாக்கினர். பிற்காலத்தில் லாரியின் பழைய வில் பட்டைகள் பட்டறைகளுக்கு நல்ல எஃகாகக் கிடைத்தன. மதுரையிலிருந்து மானாமதுரை செல்லும் வழியிலுள்ள திருப்பாச்சேத்தியின் புகழ்பெற்ற அரிவாள்களும் இத்தகைய பட்டையிலிருந்து உருவாகின்றவையே.

எஃகானால் மட்டும் போதாது. அதற்குத் தோய்ச்சல் வேண்டும். சுமார் 800° செ. அளவுக்குச் செக்கச்சிவக்கக் காய்ச்சிய எஃகைச் சட்டென்று நீரிலோ எண்ணெயிலோ அமிழ்த்துகிறார் கொல்லர். இரும்பு அணுக்களின் இடையே இருக்கும் கரி அணுக்கள் விலகிச் செல்ல நேரமின்றி அங்கேயே சிக்கிக்கொள்கின்றன. எஃகு மிகக் கடினமாகிறது. ஆனால் கண்ணாடிபோல் நொறுங்கவும் கூடும். ஆகவே அதை மீண்டும் இளஞ்சூடாக்கிப் பதப்படுத்துகிறார்.

அந்தச் சூட்டைக் காட்டுவது நிறமே. தேய்த்து வெளுப்பாக்கிய எஃகின் மேல் 230° செ. அளவில் வைக்கோல் மஞ்சளும், 255° அளவில் பழுப்பும், 280° அளவில் ஊதாவும், 300° அளவில் நீலமும் தோன்றும். சூடு ஏற ஏற, சிக்கிய கரி விடுபட்டுக் கடினம் குறையும். நண்பர் கண்டு மகிழ்ந்த நீலம் அழகன்று, எச்சரிக்கை! அதற்கு முன்பே, காம்பை எரித்த நெருப்பு தோய்ச்சலில் பெரும்பகுதியைப் போக்கிவிட்டிருந்தது.

அடையாளம் காண்பது எப்படி?

முதலில் கோடரியைத் தேய்க்காதீர்கள், பாருங்கள். சுத்தியலின் தட்டையான தழும்புகளும் சற்றே கோணலான கண்ணும் இருந்தால், அது பெரும்பாலும் உள்ளூர்ப் பட்டறையில் கையால் அடித்தது. இரு பக்கமும் அச்சில் வார்த்ததுபோல் ஒத்திருந்து, எழுத்து முத்திரையும் இருந்தால் ஆலையில் செய்தது. மண்வெட்டி, கடப்பாரைகளில் 'டாட்டா அக்ரிகோ' என்ற முத்திரையைப் பார்த்திருப்பீர்கள்; அதுபோன்ற பெயரோ, ஷெஃபீல்டு முதலிய ஊர்ப்பெயரோ துருவுக்கு அடியில் ஒளிந்திருக்கலாம்.

அடுத்து, ஓர் அரத்தால் வாயை மெல்ல உரசுங்கள். அரம் வழுக்கினால் தோய்ச்சல் நன்றாக உள்ளது. எளிதில் கடித்தால் போய்விட்டது. வாயருகே ஓரிடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துக் கெட்டியான புளிக்கரைசலைப் பூசி, சில மணி நேரம் ஈரமாக வைத்திருங்கள். வாயில் எஃகு ஒட்டிய கோடரியானால், எஃகு கறுத்தும் இரும்பு வெளிறியும் நிற்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள கோடுதான் கொல்லர் ஒட்டிய இடம். அந்த எஃகு தேயும் வரைதான் கோடரிக்கு ஆயுள்.

புதுப்பிக்கும் முறை

செந்துரு பொரபொரப்பானது, ஈரத்தை உள்ளே விடும். அதை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்த்து எடுங்கள். அடியில் கெட்டியாகப் படிந்த கறுப்புப் படலத்தை விட்டுவிடுங்கள். அது இரும்புக்குக் காப்பு. புளி பட்ட இடத்தைச் சாம்பல் நீரால் கழுவித் துடைத்து எண்ணெய் பூசுங்கள்.

பழைய காம்புத் துண்டை எரிக்க வேண்டாம். துளையிட்டுத் தட்டி வெளியேற்றுங்கள். புதிய காம்புக்கு நன்கு உலர்ந்த கருவேல மரம் ஏற்றது. பச்சை மரம் உலர்ந்து சுருங்கிக் கழன்றுவிடும். ஆடும் காம்பை நீரில் ஊறவைத்து இறுக்கும் வழக்கமும் தவறு. உப்பிய மரம் கண்ணுக்குள் நசுங்கி, சித்திரை வெயிலில் உலர்ந்ததும் முன்னிலும் அதிகமாக ஆடும். ஆப்பு அடிப்பதே சரி.

தீட்டுவதற்கு அரமும் நீர் விட்ட சாணைக்கல்லும் போதும். சாணைச் சக்கரந்தான் வேண்டுமென்றால், வாயை விரலால் தொட முடியாத சூடு வருமுன் நீரில் அமிழ்த்துங்கள். மெல்லிய வாயில் சூடு ஒரு நொடியில் ஏறிவிடும்.

நண்பரின் கோடரி என்னவாயிற்று? கொல்லர் ஒருவர் அதன் வாயை மீண்டும் காய்ச்சித் தோய்த்துப் பதப்படுத்திக் கொடுத்தார். இன்று அது நன்றாக வெட்டுகிறது. ஆனால் அதன் கன்னத்தில் இருந்த சிறு முத்திரை சாணையில் தேய்ந்து மறைந்துவிட்டது. அப்பா அதை எங்கே வாங்கினார், யார் செய்தது என்பதைச் சொல்லியிருக்கக்கூடிய ஒரே சாட்சி அதுதான். போன தோய்ச்சலைத் திரும்பக் கொடுக்கலாம்; போன முத்திரையை எந்தக் கொல்லராலும் கொடுக்க முடியாது.