உயரச் சில்லில் உலகம் சுற்றியவர்

துவிச்சக்கரவண்டி நம் நாட்டில் எவருக்கும் புதியதன்று. மாணவரைப் பாடசாலைக்கும், மரக்கறியைச் சந்தைக்கும், உத்தியோகத்தரைக் கந்தோருக்கும் அது சுமந்து செல்வதை நாள்தோறும் காண்கின்றோம். ஆயினும், சங்கிலியும் காற்றடைத்த ரயரும் இல்லாத ஒரு வண்டியிலே தன்னந்தனியராய் ஒருவர் உலகைச் சுற்றினார் என்றால், நாம் சற்று நிமிர்ந்து உட்காரவே செய்வோம். அவர் பெயர் தோமஸ் ஸ்டீவன்ஸ். 1854 இல் இங்கிலாந்தில் பிறந்து, இளமையிலேயே அமெரிக்காவிற் குடியேறியவர்.

அவர் ஏறிய வண்டியை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும். அதன் முன்சில்லின் விட்டம் 50 அங்குலம். பின்சில்லோ மிகச் சிறியது. மிதிகட்டைகள் முன்சில்லின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தன. காலை ஒருமுறை சுற்றினால் சில்லும் ஒருமுறையே சுற்றும். வண்டி ஏறக்குறைய 13 அடி முன்னேறும். எனவே விரைவு வேண்டுமாயின் சில்லைப் பெருப்பிப்பதன்றி வேறு வழியில்லை. அவ்வுயரத்தில் இருப்பவர், சில்லிற் கல்லொன்று தடுக்கினாலும் கைபிடிக்கு மேலாகத் தலைகீழாய் வீழ்வார். சுற்றிலும் இருந்தது திண்ம இறப்பர்; பாதையின் மேடுபள்ளம் அனைத்தும் முதுகெலும்புக்கே வந்து சேரும். இன்றைய வண்டிக்கு முன்னோடியாகிய 'ரோவர்' 1885 இல் வெளிவந்தபோது அவர் நடுவழியில் இருந்தார். 1888 இல் டன்லொப் காற்றடைத்த ரயரை ஆக்கியபோதோ அவர் பயணமே முடிந்துவிட்டது!

அவர் கொண்டுசென்ற மூட்டையைக் கேட்டால் வியப்பு இன்னும் மிகும். காலுறைகள், மாற்றுச் சட்டை ஒன்று, கைத்துப்பாக்கி ஒன்று, மழைக்கோட்டு ஒன்று. அம் மழைக்கோட்டே இரவிற் கூடாரம், அதுவே பாயும். கதிர்காமத்துக்கு நடந்துசெல்லும் நம் முதியோரும் இதனினும் கூடுதலாகவே எடுத்துச் செல்வர்.

1884 ஏப்ரில் 22 ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோவை விட்டுப் புறப்பட்டார். சியரா நெவாடா மலையிற் பனி மூடிக் கிடந்தது. புகையிரதப் பாதையைப் பனியினின்றும் காக்க மரத்தால் அமைத்த நீண்ட கொட்டகைகளுக்கூடாக வண்டியை உருட்டிச் சென்றார். ஒருமுறை பாலமொன்றின் நடுவே புகையிரதம் எதிர்ப்பட்டது. ஒதுங்க இடமில்லை. பாலத்தின் விளிம்பிலே தொங்கியவாறு, வண்டியையும் விடாது பிடித்துக்கொண்டு உயிர்தப்பினார். ஆகஸ்ட் 4 ஆம் நாள் பொஸ்ரன் நகரை அடைந்தார். வழியின் மூன்றிலொரு பங்குக்கும் மேல் நடையே. ஆயினும் அமெரிக்காவைத் துவிச்சக்கரவண்டியுடன் குறுக்கே கடந்த முதல் மனிதர் அவரே.

அடுத்த ஆண்டு மே மாதம் லிவர்பூலிலிருந்து கிழக்கு நோக்கினார். ஐரோப்பாவைக் கடந்து துருக்கி சென்றார். பாரசீகத்தின் தலைநகராகிய தெகிரானிலே குளிர்காலத்தைக் கழித்தார். அந்நாட்டு மன்னரும் அவர் வண்டியோட்டுவதைக் கண்டு களித்தார். அதன்பின்னர்தான் பெருந்தடை. ருசியா தன் நிலத்தூடே செல்ல அனுமதிக்கவில்லை. ஆப்கானிஸ்தானத்திற் புகுந்தவரோ தடுக்கப்பட்டு எல்லைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். வேறொருவராயின் வீடு திரும்பியிருப்பார். இவர் மேற்கே மீண்டு, கப்பலேறிச் சுற்றிவந்து கராச்சியில் இறங்கினார். லாகூரிலிருந்து கல்கத்தா வரை பெருந்தெரு வழியே சென்றார். சீனத்திலே வெகுண்ட கூட்டமொன்றிடமிருந்து அந்நாட்டு அதிகாரிகளே அவரைக் காப்பாற்றினர். 1886 டிசம்பர் 17 ஆம் நாள் ஜப்பானின் யொக்கோகாமாவிற் பயணம் நிறைவெய்தியது. வண்டியோடு கடந்த தூரம் ஏறக்குறைய 13,500 மைல்.

தன்னந்தனியர் என்றோம். ஆனால் அது முழு உண்மையாகுமா? மழைக்கோட்டின் கீழே கழிந்த இரவுகள் போக, மற்றைய இரவுகளில் அவருக்கு உணவும் இடமும் அளித்தோர் யார்? சின்னாசியாவின் ஏழைக் குடியானவரும், பாரசீகத்தின் சத்திரங்களில் தங்கிய வழிப்போக்கருமே. கைம்மாறாக அவர்கள் கேட்டதெல்லாம், அவ் விந்தை வண்டியில் ஒருமுறை ஏறிக் காட்டுக என்பதுதான். களைத்து வந்தவர்க்கு அது பெருந்தொல்லையே. எனினும், பின்னர் இரண்டு பாகங்களாக அவர் எழுதிய நூலில் இம்மக்களைப் பல இடங்களில் ஏளனமாகவே குறிப்பிடுகின்றார். அக்காலத்து ஆங்கிலேயரின் வழக்கம் அது என்று சிலர் கூறுவர். உணவளித்த கையைப் பற்றிய எழுத்து வேறுவிதமாய் இருந்திருக்கலாம் என்றே நமக்குத் தோன்றுகிறது. அந்நூலைக் கற்கும் மாணவர், அவர் துணிவை வியக்கும் அதே வேளையில், பெயர் குறிக்கப்படாத அக்குடியானவரையும் தேடிப் படித்தல் நன்று.

ஸ்டீவன்ஸ் 1935 இல் இலண்டனிற் காலமானார். அவருடைய வண்டியைச் செய்த அமெரிக்க நிறுவனம் அதனைப் பல்லாண்டுகள் பேணிவைத்திருந்தது. இரண்டாவது உலகப் போரின்போது பழைய இரும்பு சேர்த்தார்கள். அவ் வண்டியும் அக்குவியலிற் போய்ச் சேர்ந்தது.