குடியை நிறுத்திய மூன்றாம் நாள்

விபத்தில் கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர் இரண்டு நாள் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருப்பார். மூன்றாம் நாள் இரவு கட்டிலைவிட்டு இறங்கி ஓடப் பார்ப்பார். கையில் ஏறும் டிரிப்ஸைப் பிடுங்குவார். போர்வையில் பூச்சி ஊர்கிறது என்று தட்டித் தட்டி விடுவார். தலையில் அடிபட்டிருக்குமோ என்று சிலர் பதறுவார்கள். காத்துக் கருப்பு என்று சிலர் விபூதி பூசுவார்கள். பல சமயம் காரணம் வேறு. தினமும் குடித்தவருக்கு மூன்று நாளாக மது இல்லை. மானம் போகுமே என்று வீட்டார் அதை டாக்டரிடம் மறைத்திருப்பார்கள்.

குடிநோயைப் பற்றி நம்மிடம் இருக்கும் பெரிய அறியாமை இதுதான். வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் மருத்துவ உதவியில்லாமல் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம்.

எது பழக்கம், எது நோய்?

டாக்டர்கள் கேட்கும் நான்கு கேள்விகளை நீங்களே உங்களிடம் கேட்டுப் பாருங்கள். குடியைக் குறைக்க வேண்டும் என்று எப்போதாவது தோன்றியதா? அதைப் பற்றி யாராவது பேசினால் எரிச்சல் வருகிறதா? குடித்ததற்காகக் குற்ற உணர்ச்சி வந்திருக்கிறதா? கைநடுக்கம் தீர, காலையில் எழுந்ததும் குடித்ததுண்டா? இரண்டுக்கு ‘ஆமாம்’ என்றால் டாக்டரைப் பார்ப்பது நல்லது.

முன்பு ஒரு கட்டிங்கில் ஏறிய போதைக்கு இன்று குவார்ட்டர் தேவைப்படுவது, வேலையும் குடும்பமும் கெடுவது தெரிந்தும் விட முடியாமல் போவது ஆகியவை நோய் முற்றுவதன் அடையாளங்கள். இதை மன உறுதி இல்லாததன் விளைவு என்று மட்டும் பார்ப்பது தவறு. மது மூளையின் வேலையையே மாற்றிவிடுகிறது.

நிறுத்தினால் என்ன ஆகும்?

மது மூளையை மந்தமாக்கும். அதை ஈடுகட்ட மூளை தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே வரும். மது திடீரென நின்றால் அந்த வேகத்துக்குத் தடை இருக்காது. முதல் நாளே கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, படபடப்பு வரும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாட்களில் சிலருக்குக் காய்ச்சலும் குழப்பமும் சேர்ந்து, இல்லாதது கண்ணுக்குத் தெரியும். இந்நிலையில் உடனே மருத்துவமனை அவசியம்.

மலைக்கு மாலை போடுவதற்காகவோ, கோயிலில் கயிறு கட்டியோ குடியை விடுபவர்கள் உண்டு. அந்த வைராக்கியம் நல்லதே. ஆனால் காலையில் கை நடுங்கும் அளவுக்குக் குடிப்பவர்கள் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு மாலை போடட்டும்.

வலி மாத்திரை போதையாகும்போது

டிரமடால், டேபென்டடால் போன்றவை கடும் வலிக்கான மருந்துகள். ஹெராயின் போலவே இவையும் ஓபியாய்டு வகையைச் சேர்ந்தவை. 2018இல் டிரமடால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. இந்த மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் தமிழக இளைஞர்கள் சிலரிடமும் இருக்கிறது. மாத்திரையில் உள்ள மாவுப் பொருள் ரத்தக் குழாயை அடைக்கும். ஒரே ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி தொற்றும்.

கண்மணி ஊசிமுனைபோலச் சுருங்குவது, உட்கார்ந்தபடியே தூங்கி விழுவது, தீராத மலச்சிக்கல், வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை, காலி மாத்திரை அட்டைகள் ஆகியவற்றைக் கவனியுங்கள். மருந்து கிடைக்காதபோது ஓயாத கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சம், உடம்புவலி, வயிற்றுப்போக்கு வரும்.

எழுப்பினாலும் எழாமல், மூச்சு குறைந்து, உதடு நீலமானால் அளவு மீறிவிட்டது என்று பொருள். உடனே 108-ஐ அழையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இதை முறிக்கும் மருந்து நலாக்ஸோன். மதுவும் இந்த மாத்திரையும் சேர்ந்தால் மூச்சு நின்றுபோகும் அபாயம் இன்னும் அதிகம்.

சாப்பாட்டில் கலக்கலாமா?

குடியை நிறுத்த ‘அவருக்கே தெரியாமல் உணவில் கலந்து கொடுங்கள்’ என்ற விளம்பரங்களை நம்பாதீர்கள். டைசல்ஃபிராம் என்னும் மாத்திரை உடலில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரியும். இதயநோய் உள்ளவர் இறந்தும் போகலாம். நோயாளி அறிந்து, சம்மதித்து, டாக்டர் மேற்பார்வையில் மட்டுமே அதை எடுக்க வேண்டும்.

சிகிச்சை எப்படி நடக்கும்?

குடிநோய்க்கு முதலில் நச்சுநீக்கம். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மருந்துகளோடு பி1 வைட்டமினான தயமினும் தருவார்கள்; அது குறைந்தால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். பிறகு ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும், மாதக்கணக்கில் ஆலோசனையும்.

ஓபியாய்டு நோயாளிகளுக்குப் பியூப்ரெநார்ஃபின் தருவதைப் பார்த்து, ‘ஒரு போதைக்கு இன்னொரு போதையா?’ என்று கேட்பவர்கள் உண்டு. அளவோடு, கண்காணிப்பில் தரப்படும் இந்த மருந்து துடிப்பை அடக்கி, மனிதரை வேலைக்குப் போகவைக்கிறது, சாவையும் குறைக்கிறது.

சிகிச்சை முடிந்து வந்தவர் மீண்டும் வழுக்கினால் திட்டித் துரத்தாதீர்கள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு போல இதுவும் திரும்பத் தலைதூக்கும் நோய். ஓபியாய்டு நோயாளிக்கு இந்த நேரம்தான் மிக ஆபத்து. சில வாரம் விட்டதில் உடலின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். பழைய அளவே இப்போது உயிரைப் பறிக்கலாம்.

எங்கே போவது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் ஆய்வு நிறுவனம் இத்துறையின் முன்னோடி. குடியை விட ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்களில் கட்டணம் கிடையாது. கட்டிப்போட்டு அடிக்கும் ‘மறுவாழ்வு மையங்களை’ நாடாதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது.

மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைக்கிறது. மீதி 37 பேரில் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் போதையில் இல்லாத ஒரு காலை வேளையில் நிதானமாகப் பேசுங்கள். போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்களை அழையுங்கள். டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள்.